மாரிக்கடலில் வள்ளத்து இயந்திரம்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால், பருத்தித்துறை தொடக்கம் மயிலிட்டி வரையுள்ள வடகரையில் அலையும் மழையும் ஒருங்கே வந்து மோதுகின்றன. ஆயினும் அடுப்பெரிய வேண்டுமே! கடற்றொழிலாளர் வானத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படவே செய்கின்றனர். அவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் படகின் பின்புறத்திலே தொங்கும் சிறு இயந்திரத்தைப் பொறுத்தது. பாய் விரித்தோடிய பழைய வள்ளத்துக்கு இயந்திரம் ஒரு துணையாக மட்டும் இருந்தது. இன்றைய நாரிழைப் படகுக்கோ அதுவே உயிர்நிலை. அது நின்றுவிட்டால், எதிர்க்காற்றில் இருவர் துடுப்புப் போட்டுக் கரைசேர்வது எளிதன்று.

நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டளவில் இவ்வகை இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றுதொட்டு இதற்கு நீர் நண்பனாகவும் பகைவனாகவும் இருந்து வருகின்றது. அடியிலுள்ள இறப்பர்ச் சக்கரம் கடல்நீரை உறிஞ்சி மேலனுப்ப, அந்நீர் இயந்திரத்தின் சூட்டைத் தணித்துப் பின்புறமாக மெல்லிய தாரையாய் வெளியேறும். இத்தாரை நின்றால், பாசியோ பொலித்தீன் பையோ அடைத்துக்கொண்டதென்று கருதி உடனே இயந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். இந்த ஒரு வழியையன்றி வேறெவ்வழியாலும் நீர் உட்புகலாகாது.

மழைக்காலத்தில் இயந்திரம் மறுத்தால் பலரும் முதலிற் பிளக்கையே பழிக்கின்றனர். எண்ணெயை முதலிற் பார்ப்பதே முறையென்பது என் கருத்து. எண்ணெய்த் தாங்கியின் மூடியிலே காற்றுப் புகுவதற்கான சிறு திருகு ஒன்றுண்டு. ஓடும்போது அது திறந்திருத்தல் வேண்டும். கரைக்கு வந்தபின் மூட மறந்தால் இரவு மழை அதன்வழியே இறங்கிவிடும். பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் நீர் கனமானதாதலால் அடியிலே தங்கும். துறைமுகத்தின் அமைதியான நீரில் அது தெரியாது. வெளிக்கடலில் அலை தாங்கியைக் குலுக்கியதும், அடியிற் கிடந்த நீர் கலங்கி எண்ணெய்க் குழாயினுட் செல்லும். கரையில் நன்றாக ஓடிய இயந்திரம் நடுக்கடலில் விக்கி நிற்பதன் மருமம் பெரும்பாலும் இதுவேயாம். புறப்படுமுன் தாங்கியின் அடியிலுள்ள எண்ணெயிற் சிறிதளவை வெள்ளைப் போத்தலொன்றில் ஊற்றிச் சில நிமிடங்கள் அசையாமல் வைத்தால், நீர் இருப்பின் அடியிலே தனிக்கோடாகப் பிரிந்து தோன்றும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு இன்னொரு சங்கடமுண்டு. அது பெற்றோலிலே தொடங்கி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றது. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிதுநேரம் ஓடவிடாவிட்டால், காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாட் குளிர்ந்த விடியலில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் இயந்திரம் கண்விழியாது.

பிளக்குக்குச் செல்லும் வயரின்மேற் படியும் உப்பு, ஈரத்தைப் பற்றிக்கொண்டு மின்சாரத்துக்குக் கள்ளவழி திறந்துவிடுகின்றது. ஆகவே உலர்ந்த துணியால் துடைப்பது மட்டும் போதாது. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பை அகற்றி, அதன்பின் உலர்த்தி, நீரைத் தள்ளும் எண்ணெயை மெல்லியதாகத் தெளித்தல் நன்று. மழைக்கு அஞ்சி இயந்திரத்தின் தலைமூடியைப் பொலித்தீனாற் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டுவது தவறு. இயந்திரம் மூச்செடுக்கும் வாயிலும் அம்மூடியிலேதான் இருக்கின்றது. மாற்றுப் பிளக் இரண்டும் அதற்குரிய சாவியும் இறுகிய மூடியுள்ள போத்தலிலே இருக்கட்டும்.

களவுக்கு அஞ்சி இயந்திரத்தைத் தோளிற் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவோர் பலர். பீப்பாய் நன்னீரில் அதனைச் சிறிதுநேரம் ஓடவிட்டு உப்பைக் கழுவுவதில் வீட்டாரும் கைகொடுக்கலாம். எண்ணெய்த் தாங்கியை மட்டும் குசினிப் பக்கம் அண்டவிடலாகாது.

படகு கவிழ்ந்து இயந்திரம் மூழ்கிவிட்டால் என் செய்வது? கரைக்குக் கொண்டுவந்ததும் கயிற்றை இழுத்துப் பார்ப்பதே பலரது பழக்கம். நீரை அழுத்திச் சுருக்க முடியாதாகையால், அவ்வாறு இழுப்பது உள்ளிருக்கும் தண்டையே வளைத்துவிடக்கூடும். நன்னீராற் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்கள் கீழ்நோக்குமாறு சாய்த்து, மெதுவாகச் சுழற்றி நீரை வடித்தல் வேண்டும். மணல் அரையும் ஓசை கேட்டால் சுழற்றவே கூடாது. திருத்துநர் அன்றே வர இயலாதெனின், வெயிலிற் காயவைப்பதைவிட முழு இயந்திரத்தையும் நன்னீர்ப் பீப்பாயில் அமிழ்த்தி வைப்பதே மேல். காற்றும் உப்பும் சேர்ந்தாற் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கும். நன்னீருள் அது தாமதப்படும். திருத்துநர் வந்தபின் வெளியே எடுத்தாற் போதும்.