பச்சை முத்திரையும் சிவப்பு முத்திரையும்

வேலைக் களைப்பை மறப்பதற்காகவே விளையாட்டு ஏற்பட்டது என்பார்கள் பெரியோர். அந்த வேலையையே விளையாட்டாக்கி, அதிலும் உலகிலேயே சுவையற்றதென்று பெயர் வாங்கிய குமாஸ்தா வேலையை விளையாட்டாக்கி, அதை இலட்சக்கணக்கான மக்கள் விலை கொடுத்து வாங்கி ஆடுகிறார்கள் என்றால் நம் சங்கத்து அன்பர்களுக்கு வியப்பாகவே இருக்கும். ரயில்வேயில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து காலம் கழிக்கும் நமக்கோ, வியப்போடு சிறிது பெருமையும் உண்டாயிற்று. நம் தொழிலுக்கும் ஒரு காவியம் கிடைத்துவிட்டதல்லவா!

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்பது அந்த விளையாட்டின் பெயர். உங்கள் தாள்களைக் காட்டுங்கள் என்று பொருள். 2013 ஆகஸ்டில் கணினிக்கு வெளிவந்து, 2022-ல் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. இதை ஆக்கியவர் லூகாஸ் போப் என்ற அமெரிக்கர்; ஜப்பானில் குடியேறி வாழ்பவர். படம், இசை, கதை யாவற்றையும் ஏறத்தாழத் தனி ஒருவராகவே அமைத்திருக்கிறார். நாடு விட்டு நாடு செல்கையில் குடியேற்ற அதிகாரிகளின் முன்னே பலமுறை நின்ற அனுபவத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார். வெளியூரில் குடியிருப்பவனுக்கே தாளின் அருமை தெரியும். அந்த அளவில் அவரை நம்மவர் என்றே கொள்ளலாம். 2014-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது இந்த விளையாட்டுக்குக் கிடைத்தது. பத்தாண்டுகளில் ஐம்பது இலட்சம் பிரதிகள் விற்றிருக்கின்றன.

கதை நிகழும் நாடு ஆர்ஸ்டோட்ஸ்கா. தேசப்படத்தில் தேடிப் பயனில்லை. அது கற்பனை நாடு. ஆண்டு மட்டும் 1982, நவம்பர் 23 என்று திட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கொலேச்சியா என்னும் அண்டை நாட்டோடு ஆறு ஆண்டுகள் போரிட்டு ஓய்ந்த நேரம். கிரெஸ்டின் என்ற எல்லை நகரம் கிழக்கு மேற்கென இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அங்கே புதிதாய்த் திறந்த சோதனைச் சாவடியில் அமர ஓர் ஆள் தேவை. அரசாங்கம் சீட்டுக் குலுக்குகிறது. அதில் விழுந்த பெயர் நம்முடையது. விண்ணப்பம் போடவுமில்லை, மறுக்கவும் வழியில்லை. எட்டாந்தர வீடு ஒன்றை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, நாளைக் காலை வேலைக்கு வா என்கிறார்கள்.

வேலை இதுதான். ஜன்னலுக்கு வெளியே பனியில் முடிவற்ற வரிசை நிற்கிறது. ஒவ்வொருவராக வந்து பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்கள். படம் முகத்தோடு ஒத்திருக்கிறதா, காலக்கெடு கடந்துவிட்டதா, வழங்கிய ஊரின் பெயர் விதிப் புத்தகத்தில் உள்ளதா என்றெல்லாம் பார்த்து, சரியென்றால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு முத்திரை குத்த வேண்டும். மேசையோ மிகச் சிறியது. விதிப் புத்தகத்தை விரித்தால் பாஸ்போர்ட் மறைகிறது. பாஸ்போர்ட்டை எடுத்தால் அனுமதிச் சீட்டு நழுவுகிறது. மேசைக்கு வேண்டிய வசதிகளை வாங்கலாம், ஆனால் சொந்தச் சம்பளத்தில்! இந்த இடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். பகலெல்லாம் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் ஏன் இன்னொரு ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்காருகிறீர்கள் என்று இல்லத்தரசி கேட்டதற்கு, அப்போது நம்மிடம் விடையில்லை.

விடை பொழுது சாய்ந்த பிறகுதான் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் கறுப்புத் திரை ஒன்று தோன்றும். அதில் வீட்டுக் கணக்கு. சரியாகச் சோதித்து முடித்த ஓர் ஆளுக்கு 5 நாணயம் கூலி. தொடக்க நாட்களில் வாடகை 20, உணவு 20, வீட்டைச் சூடாக்க 10. ஆக, பத்துப் பேரைப் பிழையின்றிப் பார்த்தால்தான் அன்றைய பொழுது கழியும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், இன்னும் ஒரு பெரியவர். இவர் மாமனோ சிற்றப்பனோ தெரியவில்லை. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பணம் போதாத நாளில் உணவை நிறுத்துவதா, கணப்பை நிறுத்துவதா என்று நாமே குறியிட வேண்டும். மறுநாள் மகன் பெயருக்கெதிரே 'நோய்' என்று எழுதியிருக்கும். மருந்துக்குத் தனிச் செலவு. அதையும் தள்ளிப்போட்டால், அடுத்து எழுதப்படும் சொல்லை இங்கே எழுத மனம் வரவில்லை.

காலைதோறும் சுற்றறிக்கை ஒன்று வரும். முதல் நாள் உள்நாட்டார் மட்டும் உள்ளே வரலாம். மறுநாள் அயல்நாட்டாரும் வரலாம். அன்றைக்கே எல்லையில் ஒரு தாக்குதல் நிகழ, அயல்நாட்டார் நுழைவுச் சீட்டு கொண்டுவர வேண்டுமென்று உத்தரவாகிறது. சில நாட்களிலேயே அந்தச் சீட்டு செல்லாது, அனுமதிப் பத்திரம் வேண்டும் என்கிறார்கள். இவை தவிர, வேலைக்கு வருபவருக்கு வேலைச் சீட்டு, உள்நாட்டாருக்கு அடையாள அட்டை என்று தாள்கள் பெருகிக்கொண்டே போகின்றன. நேற்றைய விதியை நம்பி நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவன், இன்றைய விதியின் முன்னே கையைப் பிசைந்து நிற்கிறான். எங்கோ எவனோ செய்த குற்றத்துக்கு வரிசையில் நிற்பவர் அனைவரும் ஒரு தாள் கூடுதலாகச் சுமக்கிறார்கள். இதைக் கதாசிரியர் எங்கும் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. தாளைக் கூட்டிக்கொண்டே போகிறார்; அவ்வளவுதான்.

நம் வாசகர்களுக்கு மிக நெருங்கிய கட்டம் ஒன்றைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். வந்தவரின் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருந்தால் என்ன செய்வது? தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொள்வது நம் வழக்கம். இங்குள்ள படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் கேட்கின்றன. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து முன்னே நிற்கும். மற்றோர் அட்டையில் பின்னே போயிருக்கும். வேறொன்றில் தகப்பனார் பெயரே விரிந்து குடும்பப்பெயராகியிருக்கும். பிள்ளையை அவன் பாட்டனார் பெயரால் ஆசிரியர் அழைப்பதும், மனைவியைக் கணவர் பெயரால் ஆஸ்பத்திரியில் கூப்பிடுவதும் நம் குடும்பங்களில் அன்றாட நகைச்சுவை. வங்கியிலோ பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ அதே விஷயம் நகைச்சுவையாக இருப்பதில்லை.

ஆர்ஸ்டோட்ஸ்காவில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெயர் ஒவ்வாததைக் கண்டதும் சிவப்பு முத்திரையைத் தூக்கிவிடக் கூடாது. இரு தாள்களையும் சுட்டிக்காட்டி, இது ஏன் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு கைரேகை எடுத்தால், அவருக்கு வேறு பெயர்களும் உண்டா என்பதைக் காட்டும் தாள் ஒன்று வரும். மறுபெயர் அதில் இருந்தால் ஆள் உண்மையானவர், உள்ளே விடலாம். கொடுங்கோல் ஆட்சி என்று கதாசிரியர் வரைந்து காட்டும் நாட்டிலேயே, பெயர் மாறி வந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள் என்று விதி இருக்கிறது! என்ன, அப்படிக் கேட்பதற்கு நேரம் பிடிக்கும். நேரம் பிடித்தால் பத்துப் பேர் எட்டாகிவிடுவார்கள். எட்டானால் இரவு கணப்பு எரியாது. ஆகவே கேட்கத் தெரிந்தவனும் கேட்காமல் விடுகிறான். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவன் கல்நெஞ்சன் என்று வரிசையில் நிற்பவர் நினைக்கிறார்கள். உள்ளே அவன் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

இனி அந்தத் தம்பதியின் கதை. ஓர் ஆள் வருகிறான். அவன் தாள்கள் யாவும் ஒழுங்காக இருக்கின்றன. போகிறபோது, எனக்கு அடுத்தவள் என் மனைவி, அவளிடம் இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்து அவள் வருகிறாள். பாஸ்போர்ட் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லை. கேட்டால், கொடுக்க மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். கணவன் உள்ளே போயாகிவிட்டது. முத்திரை நம் கையில்.

பச்சை குத்தினால் என்ன ஆகும்? மேசையிலுள்ள சிறு இயந்திரம் உடனே ஒரு கண்டனச் சீட்டைக் கக்கும். இங்கேதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி இருப்பதாக நாம் கருதுகிறோம். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே, அபராதமில்லை. மூன்றாவதிலிருந்துதான் கூலியில் பிடிப்பார்கள். ஆகவே நாளொன்றுக்கு இரண்டு பேருக்கு இரக்கம் காட்டக் காசு செலவில்லை. ஆனால் அந்த இரண்டையும், தேதியைச் சரியாகப் பார்க்காமலோ ஊர்ப் பெயரைக் கவனிக்காமலோ காலையிலேயே தொலைத்தவன், அந்தப் பெண் வந்து நிற்கும்போது கையிருப்பில் ஒன்றுமில்லாமல் நிற்கிறான். நல்ல மனம் இருந்தும் அவனால் பயனில்லை. தொழிலைச் சுத்தமாகச் செய்கிற குமாஸ்தா ஒருவனே இரக்கம் காட்டச் சக்தியுள்ளவனாகிறான். இதை விமரிசகர்கள் பெரிதாக எடுத்துச் சொன்னதாக நமக்குத் தெரியவில்லை. ஒருவேளை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் கண்ணுக்கே இது படும் போலும்.

இதற்கு நேர் எதிரான சோதனையும் உண்டு. கலென்ஸ்க் என்ற காவலன் இரகசியமாக வந்து, ஆட்களைத் தடுத்துவைக்குந்தோறும் எனக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது, அதில் உனக்கும் பங்கு தருகிறேன் என்கிறான். திருப்பி அனுப்பினாலே போதும் என்ற ஆளைச் சிறைக்கு அனுப்பினால் அன்று வீட்டில் மருந்து வாங்கலாம். விதியை மீறியதாக எந்தச் சீட்டும் வராது. இரக்கத்துக்குக் கண்டனம்; கொடுமைக்குக் கமிஷன். ஆட்சியைக் கவிழ்க்க முனையும் எசிக் என்ற இரகசியக் கூட்டமும் வந்து ஆசை காட்டுகிறது. கதைக்கு இருபது முடிவுகள் உண்டு. அவற்றையெல்லாம் இங்கே சொல்லி ஆடப்போகிறவரின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை.

இது வெறுங்கற்பனை என்று தள்ளவும் இயலாது. இரண்டாகப் பிளந்த கிரெஸ்டினைப் பார்த்ததும் பெர்லின் நினைவுக்கு வராதவர் இரார். 1961 முதல் 1989 வரை அந்த நகரின் குறுக்கே சுவர் நின்றது. 1989 நவம்பர் 9-ஆம் நாள் மாலை, மக்கள் வெளியே செல்லலாம் என்று கிழக்கு ஜெர்மனியின் பேச்சாளர் பத்திரிகையாளரிடம் அறிவித்துவிட்டார். சாவடிகளுக்கோ உத்தரவு ஒன்றும் போய்ச் சேரவில்லை. போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் ஹெரால்டு யேகர் என்ற அதிகாரி பணியில் இருந்தார். கூட்டம் பெருகுகிறது, மேலதிகாரிகளிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சலிக்கிறார். மிகவும் கூச்சலிடுபவரை மட்டும் வெளியே விடு, அவர்கள் திரும்பி வர முடியாதபடி புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்து என்று சொன்னார்கள். அப்படிக் குத்தப்பட்டது என்பதை அறியாமலே சிலர் போனார்கள். கடைசியில் நள்ளிரவு நெருங்கும் வேளையில், சுற்றறிக்கை எதுவும் கையில் இல்லாமலே அவர் கதவைத் திறந்துவிட்டார். அன்றிரவு அவர் மேசையிலும் முத்திரைதான் இருந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல். இது சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. துப்பாக்கிச் சூடு வருகிறது. உடற்சோதனைப் படங்கள் வருகின்றன. பின்னதை மறைத்துவைக்க வசதி உண்டு. பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் ஆடலாம், முடிந்தால் பெரியவர் பக்கத்தில் அமர்ந்து. ஆங்கிலம் எளியது, வாக்கியங்கள் குறுகியவை. கணப்பை நிறுத்துவதா உணவை நிறுத்துவதா என்ற கறுப்புத் திரை வரும்போது பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கிறான், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். மாதக் கடைசியில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு அவன் காதில் விழுந்திருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஜோர்ஜி என்ற கிழவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆடியவர்கள் நம்மைக் கோபிப்பார்கள். முதலில் பாஸ்போர்ட்டே இல்லாமல் வருவார். திருப்பி அனுப்பினால், அடுத்த முறை தாமே வரைந்த பாஸ்போர்ட்டோடு வருவார். நாட்டின் பெயர் கோப்ராஸ்தான்! அப்படி ஒரு நாடே இல்லை ஐயா என்றாலும் கோபிக்க மாட்டார். சிரித்தபடி போய், மறுபடியும் வருவார். கடைசி நாட்களில், ஆட்சி நம் குடும்பத்தாரின் பாஸ்போர்ட்டுகளையே பறித்துக்கொள்கிற சமயத்தில், அந்த ஜோர்ஜிதான் வழி சொல்கிறார். வடக்கே ஒப்ரிஸ்தான் இருக்கிறது, அந்நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்தால் படத்தை மாற்றி ஒட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். தலைக்கு ஒன்று வேண்டும். அவை எங்கிருந்து கிடைக்கும்? ஒப்ரிஸ்தானிலிருந்து வந்து நம் ஜன்னலில் நிற்கும் பயணிகளிடமிருந்து பறித்து இழுப்பறையில் போட்டுக்கொண்டால்தான் உண்டு. குறைந்தால், வீட்டில் யாரையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். முப்பத்தோரு நாள் பிறர் தாளைப் பார்த்தவன், ஒட்டுப்போட்ட பாஸ்போர்ட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவியும் மகனும் பின்னே நிற்க, அந்நிய நாட்டின் எல்லை ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்கிறான். உள்ளே இருப்பவன் தாள்களைக் கேட்டுக் கையை நீட்டுகிறான்.