கருவண்டைக் கொல்லும் பச்சைப் பங்கசு

காணி விடுபட்டு ஊர் திரும்பியோர் பலர் முதலில் நடுவது தென்னம்பிள்ளை. அது எழும்பி வரும்போது கருவண்டு குருத்தைத் துளைத்துவிடுகிறது. வண்டை மட்டும் பிடித்துத் தீராது. அதன் குடம்பிகள் எருக்கும்பியிலும், ஷெல்லடியில் தலையிழந்து உக்கிய மரங்களிலும் வளர்கின்றன. கண்ணிவெடி அகற்றிய காணியென்று உறுதியானால் மட்டும் அந்தக் குற்றிகளைப் புரட்டி அப்புறப்படுத்துங்கள்.

எருக்கும்பிக்கு வேறு வழியுண்டு. மெற்றாரைசியம் என்ற பங்கசை 1879 இல் ரஷ்ய அறிஞர் மெச்னிகோவ் தானிய வண்டொன்றில் ஆராய்ந்தார். குடம்பி இதை உண்ணவேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத வித்தி தோலில் ஒட்டி, ஈரத்தில் முளைத்து, தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே போகும். உடம்புக்குள் பெருகிக் கொல்லும். செத்த குடம்பி விறைத்து, முதலில் வெள்ளையாய்ப் பூத்து, பிறகு பச்சையாகும். அந்தப் பச்சைத் தூள் முழுவதும் புதிய வித்திகளே.

250 மில்லிலீற்றர் பங்கசுக் கரைசலை 750 மில்லிலீற்றர் தண்ணீரில் கலந்து எருக்கிடங்கில் தெளிப்பது தமிழ்நாட்டு முறை. நமது சித்திரை வெயிலில் தெளிப்பது வீண்வேலை, வித்தி கருகிவிடும். மாரி தொடங்கியபின், கும்பியைக் கிளறித் தெளித்து, ஓலையால் மூடுங்கள். வெங்காயத்துக்கு அடிக்கும் பங்கசுநாசினி அதில் படக்கூடாது. இதையும் அது கொல்லும். பச்சை பூத்த குடம்பிகளைக் கண்டால் எறியாமல் கும்பிக்குள்ளேயே விடுங்கள்.