பொறிவண்டுக்கு எந்த இரை பிடிக்கும்? சந்தேகங்களும் விளக்கங்களும்

பொறிவண்டு வாங்கி விட்டும் பூச்சி குறையவில்லை என்று விவசாயிகள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. வண்டைக் குறை சொல்வதற்கு முன், வயலில் அதற்கு என்ன இரை கிடைத்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

அசுவினி எதுவானாலும் பொறிவண்டுக்குத் தீனிதானே?

இல்லை. செக் நாட்டுப் பூச்சியியலாளர் ஐவோ ஹோடெக் இரையை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார். புழு வளர்ந்து வண்டாகி முட்டையும் இட உதவுவது அத்தியாவசிய இரை. உயிரைப் பிடித்து வைக்க மட்டும் உதவுவது மாற்று இரை.

எருக்கஞ்செடியின் குருத்தில் மஞ்சள் மஞ்சளாக அப்பிக் கிடக்கும் அசுவினியைப் பார்த்திருப்பீர்கள். எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதன் உடம்பிலும் சேர்ந்திருக்கிறது. தட்டைப்பயறில் வரும் கறுப்பு அசுவினியில் அது இல்லை. நம் வயல்களில் சாதாரணமாகத் தென்படும் பொறிவண்டுகளுக்கு இரண்டையும் கொடுத்து லக்னோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். பயறு அசுவினியைத் தின்ற புழு சீக்கிரம் வளர்ந்தது; வண்டும் நிறைய முட்டையிட்டது. எருக்கு அசுவினியில் வளர்ச்சி இழுத்துக்கொண்டே போனது, முட்டையும் குறைந்தது.

முட்டைக்கோஸ் அசுவினி எப்படி?

அது செடியிலிருந்து கடுகின் காரத்துக்கான பொருளை உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வண்டு கடித்ததும் அசுவினியின் உடம்புக்குள்ளேயே காரம் உண்டாகும். ஐரோப்பாவின் இரு புள்ளிப் பொறிவண்டின் இளம்புழு இதைத் தின்றால் பிழைப்பது அரிது. ஏழு புள்ளிப் பொறிவண்டு பிழைத்துவிடும், வளர்வதுதான் மெதுவாக. ஒரே இரை ஒரு வண்டுக்கு ஒத்துக்கொள்கிறது, இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மாவுப்பூச்சிக்கு கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டை விட்டோம். கொஞ்ச நாளில் வண்டையே காணோமே?

வந்திருப்பது எந்த மாவுப்பூச்சி என்று முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898-ல் காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் அது எடுபடவில்லை. பேர் வாங்கியது மாவுப்பூச்சியில்தான். மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப் பைதான் பெண் வண்டை முட்டையிடத் தூண்டுகிறது. அந்த மெழுகு இழைகளுக்குள்ளேயே முட்டையைச் செருகி வைக்கும். பொரிந்து வரும் புழுவுக்குச் சுற்றிலும் தீனி இருக்கும். பை கட்டாமல் குஞ்சாகவே ஈனும் நீள்வால் மாவுப்பூச்சி மட்டும் இருக்கிற தோட்டத்தில் வண்டு தின்னும், ஆனால் சரியாகப் பெருகாது.

ஆகவே செடியில் வெள்ளைப் பஞ்சு தெரியும்போது விடுங்கள். பூச்சி ஒன்றிரண்டாக இருக்கும்போது விட்டால் வண்டு பறந்து போய்விடும். புழுக்கள் பசியில் ஒன்றையொன்று தின்னும்.

மருந்து அடித்த வயலில் விடலாமா?

இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து செடியின் சாறு வழியாக அசுவினிக்குள் போகிறது. அந்த அசுவினியைத் தின்னும் வண்டும் பாதிக்கப்படும். அடித்த சூட்டோடு வண்டு விடுவது வீண் செலவு.

நல்ல இரையை நாமே ஏற்பாடு செய்ய முடியுமா?

முடியும். பருத்தி வயலின் வரப்பில் தட்டைப்பயறு விதையுங்கள். அதில் முதலில் வரும் அசுவினியில் பொறிவண்டுகள் பெருகிப் பருத்திக்கும் வரும். பயறில் அசுவினியைப் பார்த்ததும் பதறி மருந்து அடிக்கக் கூடாது. நிலக்கடலைக்குப் பக்கத்தில் மட்டும் இந்த யோசனை வேண்டாம். அதே அசுவினி கடலையையும் தாக்கும், வைரஸ் நோயையும் பரப்பும்.

கத்தரி இலையைச் சல்லடையாக்குவதும் பொறிவண்டுதானே?

அதே குடும்பத்தைச் சேர்ந்த எபிலாக்னா வண்டு அது. உடம்பில் மெல்லிய ரோமம் இருப்பதால் பளபளப்பு இருக்காது. அதன் மஞ்சள் புழுவின் உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். அதைப் பொறுக்கி அழிக்கலாம்.

கிரிப்டோலேமஸ் புழுவை எப்படி அடையாளம் காண்பது?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்து, பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அனேகமாக இருந்த இடத்திலேயே கிடக்கும். கிரிப்டோலேமஸ் புழு விறுவிறுவென நகரும். நகர்ந்தால் தயவுசெய்து தெளிப்பானைக் கீழே வைத்துவிடுங்கள்.