சர்க்கரை, பி.பி. ஃபைலில் இடம்பெறாத நோய்

2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானார். அவருக்கு வயது 69. ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியவருக்கு, மறுநாளே உடல்நிலை மோசமானது. பல உடல்நலச் சிக்கல்கள் இருந்ததாகச் சொன்ன மருத்துவர், மரணத்துக்குக் காரணமாகக் குறிப்பிட்டது ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’; குறட்டையோடு வரும், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். குறட்டையைச் சினிமாவில் நகைச்சுவையாகவே பார்த்துச் சிரித்த பலருக்கு, இப்படியும் ஒரு நோயா என்ற அதிர்ச்சி.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதையே அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் கவனித்தால் தெரிந்துவிடும். உரத்த குறட்டை சட்டென்று நின்றுபோகும். நெஞ்சும் வயிறும் காற்றுக்காக இழுத்துக்கொண்டிருக்கும். மூக்கில் மட்டும் மூச்சு இருக்காது. பத்து விநாடி, இருபது விநாடி, சமயத்தில் அதற்கும் மேலே. பிறகு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால், “நல்லாத்தானே தூங்கினேன்” என்பார் அவர். மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 முறையாவது நடந்தால் அது ஆப்னியா. 30-ஐ எட்டினால் தீவிரம்.

ஏற்கெனவே வேறு நோய்கள் உள்ளவரிடம் இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சர்க்கரை உள்ளவர் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால், பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிடுகிறார். ஆனால், அடைத்த தொண்டை வழியாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் அறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டதென்று எண்ணி, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. காலைத் தலைவலி பி.பி. கணக்கில் போகிறது. சோர்வு தைராய்டு கணக்கில். பேப்பர் படிக்கும்போதே கண் சொக்குவது வயதின் கணக்கில்.

பாதிப்பு எதிர்த்திசையிலும் உண்டு; ஆப்னியாவே மற்ற நோய்களைக் கூட்டும். ஆக்சிஜன் குறையும் ஒவ்வொரு முறையும் உடல் பதறி அட்ரினலினைச் சுரக்கிறது. இரவில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் ஏறுகிறது. மூன்று வகை மாத்திரை போட்டும் பி.பி. கட்டுப்படாதவர்களில் பலருக்கு ஆப்னியா இருப்பது தெரிய வந்திருக்கிறது. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர் என்று அலைகிறவர்கள், இரவில் நடப்பதை அவர்களாகவே சொல்வது நல்லது. வீட்டில் இருப்பவர் செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவே டாக்டருக்குப் பெரிய உதவி.

1980-இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கில் மாஸ்க் பொருத்தி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைத்துக் காட்டினார். அதற்கு முன் தீவிர நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிடுவதுதான் வழி. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. இன்றைய ‘சிபாப்’ மெஷின் பிறந்தது அப்படித்தான்.

மெஷினோடு வாழ்வது எளிதல்ல. மாஸ்க் பட்டை கன்னத்தில் தடம் பதிக்கும்; வாய் உலரும்; இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் மெஷினும் நின்றுவிடும். மெஷினின் பலனைச் சோதித்த, இந்தியர்களும் பங்கேற்ற ‘சேவ்’ ஆய்வு 2016-இல் வெளியானது. இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அந்த ஆய்வில், குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் குறையவில்லை. அவர்கள் மாஸ்க் அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே. ஆகவே, மெஷின் வாங்கிவிட்டோமென்று பி.பி., சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிடக் கூடாது.

உடல் எடை குறைந்தால் ஆப்னியாவும் தணியும். உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்கு, டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. சர்க்கரை நோய்க்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவந்த மருந்து அது.

தூக்க மாத்திரையும் மதுவும் ஆப்னியாவை மோசமாக்கக்கூடியவை. கண்புரையோ மூட்டு மாற்றோ, எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் ஆப்னியா இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்தும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகளும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும் என்பதால், ஆபரேஷனுக்குப் போகும்போது மாஸ்க்கையும் மெஷினையும் கையோடு எடுத்துப்போவது அவசியம்.