கடன்ல மாட்டினவர், மாட்டை நம்பி கவர்னர் ஆன கதை!

"எல்லாரும் வாங்குறாங்க"ன்னு ஒரு ஷேர்ல சம்பளப் பணத்தைப் போட்டு மாட்டின அனுபவம் இருக்கா? கமெண்ட்ல சொல்ல வேண்டாம், மனசுக்குள்ள கையைத் தூக்கினா போதும். இன்னைக்கு அப்படி மாட்டின ஒருத்தரைப் பற்றிப் பார்ப்போம்.

பேரு வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்ட். 1836-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயசுலயே மாடு வளர்ப்பும் சீஸ் தயாரிப்பும் கத்துக்கிட்டு, 1857-ல் விஸ்கான்சினுக்குப் போனார். அங்கே 1867-ல் ஹாப்ஸ் மோகம். பீருக்குக் கசப்பு தர்ற பூ அது. விலை எகிறிக்கிட்டே இருந்தது. ஹோர்டும் இறங்கினார். 1868-ல் விலை மொத்தமா சரிஞ்சது. மிஞ்சினது கடன்தான்.

1870-ல் ஒரு சின்ன பத்திரிகை ஆரம்பிச்சு, கோதுமையையே நம்பியிருந்த விவசாயிகளிடம் "மாடு வளருங்க"ன்னு எழுத ஆரம்பிச்சார். கோதுமையில வருஷத்துக்கு ஒரு தடவைதான் காசு. அதுவும் மண் சத்து போய், பூச்சியும் விழுந்தா அதுவும் இல்லை. பாலுக்கு அடிக்கடி காசு வரும், சாணம் நிலத்துக்கே திரும்பும். ஆனா சீஸை எங்கே விக்கிறது? 1872-ல் சிலரோட சேர்ந்து பால் பண்ணையாளர் சங்கம் அமைச்சார். 1874-ல் ரயில் சரக்கு நிறுவனத்தோட பேசி, ஐஸ் பெட்டிகள்ல நியூயார்க்குக்கு பவுண்டுக்கு ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்ப வழி செஞ்சார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, 1885-ல் தொடங்கிய 'ஹோர்ட்ஸ் டெய்ரிமேன்' பத்திரிகையில அவர் விடாம சொன்ன விஷயம்: ஒவ்வொரு மாட்டுக்கும் தனிக்கணக்கு வைங்க. எவ்வளவு தீனி தின்னுது, எவ்வளவு பால் தருது? கொழுத்து அழகா இருக்கும். கணக்குப் பார்த்தா நஷ்டம். (போகாத ஜிம்முக்கு மாசாமாசம் கட்டுறோமே, அதே கேஸ்.) 1890-ல் பாப்காக் என்ற விஞ்ஞானி பாலில் கொழுப்பை அளக்கும் எளிய சோதனையைக் கொண்டு வந்ததும், இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாச்சு.

1888 தேர்தலில் ஜெயிச்சு விஸ்கான்சின் கவர்னர் ஆனார். மாட்டுக்காரர்னு கிண்டல் பண்ணினாங்க. அதையே பெருமையா எடுத்துக்கிட்டார். வெண்ணெய்ன்னு பொய் சொல்லி மார்ஜரின் விக்கிறதைத் தடுக்க பால், உணவு ஆணையம் 1889-ல் வந்தது. அதே வருஷம், பள்ளிகளில் முக்கியப் பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்தணும்ங்கிற பென்னட் சட்டமும் வந்தது. அங்கே ஜெர்மன் பேசுற குடும்பங்கள் ஏராளம். 1890-ல் தோத்துட்டார். மாட்டுக் கணக்கை அவ்வளவு நுணுக்கமா பார்த்தவர், ஓட்டுக் கணக்கை மட்டும் கோட்டை விட்டார்னு எனக்குத் தோணுது.

அதோட பத்திரிகைக்கே திரும்பினார். 1899-ல் சொந்தமா ஒரு பண்ணை வாங்கி, எழுதினதை அங்கேயே செஞ்சு பார்த்தார். 1918-ல் அவர் இறந்தப்போ விஸ்கான்சின் அமெரிக்காவின் முன்னணிப் பால் மாநிலம். அந்தப் பத்திரிகை இன்னமும் வந்துக்கிட்டிருக்கு.