மார்கழியில் மிரளும் குதிரை

குற்றாலத்துக்கு ஜட்கா வண்டிகள் ஓடிய நாட்களில், ஆனி ஆடிச் சாரலில் தென்காசி ரயிலடிக்கும் அருவிக்கும் இடையே சாதுவாக ஓடிய குதிரை, மார்கழியில் ஒரு வாழைச் சருகுக்கு மிரண்டு வண்டியைச் சாய்த்துவிடுவதுண்டு. "முனி அறைந்துவிட்டது" என்பார்கள். முனியுமில்லை, மோகினியுமில்லை, எல்லாம் கொள்ளு செய்கிற வேலை! சீஸன் முடிந்து சவாரி குறைந்த பின்னும் அதே அளவு கொள்ளு வைத்து லாயத்தில் கட்டிப்போட்டால், அந்தப் பிராணி தன் பலத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

இன்று குதிரை வளர்ப்போருக்கும் இது பொருந்தும். வேலை குறைந்தால் கொள்ளைக் குறைத்து, புல்லைத் தாராளமாகப் போடவேண்டும். புல் குடலில் செரிக்கும்போது உண்டாகும் சூடு குளிரைத் தாங்கும். தினமும் சிறிது தூரம் கையில் பிடித்து நடத்தவேண்டும். கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் குதிரைக்கு ஏறக்குறைய 350 பாகை பார்வை உண்டு. ஆனால் நேர் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். அங்கிருந்து திடீரென்று தொட்டால் உதை நிச்சயம்.

மிரண்ட குதிரையைச் சாட்டையால் அடிக்கலாகாது. சருகையும் அடியையும் சேர்த்தே அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த சருகுக்கு இன்னும் உயரத் துள்ளும். இங்கே அஹிம்சை தர்மம் மாத்திரமல்ல, சிக்கனமுங்கூட! நிறுத்தி, மெல்லப் பேச்சுக் கொடுத்து, மிரட்டிய பொருளை அது நன்றாகப் பார்க்கும்வரை காத்திருங்கள். குளிர்ந்த காலையில் அதைச் சற்று நடக்கவிட்ட பிறகே குழந்தைகளை ஏற்றுங்கள்.