பதுங்குவதா? பாய்வதா?

எங்கள் விடுதியில் ஞாயிறு மாலைகளில் போக்கர் ஆட்டம் நடைபெறுவதுண்டு. காசு கிடையாது, தீக்குச்சிகளே பந்தயம். குச்சிகளை முதலில் இழப்பவர், ஒரு வாரம் அனைவருக்கும் தேநீர் போடவேண்டும். சென்ற வாரம் அத்திருப்பணி என் தலையில் விழுந்தது. மோசமான சீட்டால் தோற்றிருந்தால் விதியை நொந்துகொண்டிருப்பேன். நல்ல சீட்டை வைத்துக்கொண்டல்லவா தோற்றேன்! அதனால்தான் இக்கட்டுரை.

ஆட்ட முறை எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவில், அனைவருக்கும் பொதுவாக, முதலில் மூன்றும் பிறகு ஒவ்வொன்றாக இரண்டும் விரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. ஏழில் சிறந்த ஐந்து யாருடையதோ, அவருக்கே வெற்றி.

என் கையில் இரண்டு ஒன்பதுகள். நடுவில் விழுந்தவை ஆட்டின் ஒன்பது, ஆட்டின் நான்கு, இஸ்பேட் ராஜா. ஆக, மூன்று ஒன்பதுகள்! புலி பதுங்குவது பாய்வதற்கே என்றெண்ணிப் பந்தயம் கட்டாமல் இருந்தேன். எதிரே இருந்த மூவரும் சும்மா விட்டனர். நான்காவதாக ஆட்டின் இரண்டு விழுந்தது. அப்போது பாய்ந்தேன். நண்பர் ஒருவரின் கையில் இரண்டு ஆட்டின்கள். ஐந்தும் ஒரே இனமாகிவிட்டன. ஐந்தாம் சீட்டும் எனக்கு உதவவில்லை. "முதலிலேயே நீ பத்துக் குச்சி கட்டியிருந்தால் நான் சீட்டைக் கவிழ்த்திருப்பேன், அப்பா!" என்றார் அவர். தோல்வியைவிட அச்சொல்தான் சுட்டது.

பிறகு கணக்குப் போட்டேன். முதல் மூன்று சீட்டுகள் விழுந்தபோது அவர் காணாத சீட்டுகள் 47. அவற்றுள் ஆட்டின் 9. அடுத்த சீட்டிலேயே அவர் நினைத்தது விழ ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு சீட்டுகளையும் பார்த்தால் நூற்றுக்கு 35. அந்த வாய்ப்பை நான் இலவசமாக வழங்கிவிட்டேன்! ஆள் கூடினாலும் ஆபத்தே. தொடக்கத்தில் இரண்டு ஆஸ் வைத்திருப்பவர், ஏதோ இரு சீட்டு வைத்த ஒருவரை நூற்றுக்கு 85 தடவை வெல்வார். அத்தகைய நால்வர் கடைசிவரை நின்றால் 56 தடவைதான்.

பதுங்கவே கூடாதா? கூடும். 1988ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதியில் ஜானி சான் பதுங்கினார். ராணி, பத்து, எட்டு விழ, அவர் கையில் ஜாக்கியும் ஒன்பதும், ஐந்தும் வரிசை. அந்நேரம் அதை வெல்லும் கை வேறில்லை, மூன்று சீட்டுகளும் மூன்று இனம், எதிரி ஒருவரே. அந்த எரிக் சைடலிடம் ஒரு ஜோடி ராணி இருந்தது. கடைசிச் சீட்டு விழுந்ததும் சான் சும்மா விட, சைடல் தம்மிடமிருந்த அனைத்தையும் கட்டித் தோற்றார்.

எனவே, பதுங்குமுன் மூன்று கேள்விகள்: அடுத்த சீட்டு என்னைக் கவிழ்க்குமா? எதிரிகள் எத்தனை பேர்? நான் சும்மா இருந்தால் எதிரி தாமாகப் பந்தயம் கட்டுவாரா? மூன்றுக்கும் விடை சாதகமானால் பதுங்கலாம். இல்லையேல் உடனே உயர்த்துவதே அறிவுடைமை. பின்தங்கியவரும், நம்பிக்கை இருக்கும்வரைதான் பணம் தருவார்!

என் கைக்கு முதலிரண்டு கேள்விகளிலேயே தோல்வி. நான் அன்று பதுங்கியது சூழ்ச்சியாலன்று. சூழ்ச்சிக்காரன் எனப் பெயரெடுக்கும் ஆசையால்.

இதோ, கீழே தேநீருக்கு அழைக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் பாக்கி!